முதல் பச்சையில் அவிழ்த்துவிடும் முன்: குதிரையை வசந்தப் புல்லுக்குப் பழக்குவது எப்படி

காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் பாய்ந்த மாதிரி என்று சொல்வோம். குளிர்காலம் முழுக்க உலர்புல்லை மட்டுமே தின்ற குதிரையை வசந்தத்தின் முதல் பச்சையில் அவிழ்த்துவிட்டால் அச்சு அசல் அதுதான் நடக்கும். குனிந்த தலை நிமிராது. பார்க்க நமக்கும் சந்தோஷமாக இருக்கும். இத்தனை மாதம் கட்டுக் கட்டாகப் புல் சுமந்த தோளுக்கு இனி ஓய்வு என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு வசந்தத்திலும் பல குதிரைகள் நொண்டத் தொடங்குவது இந்தச் சந்தோஷத்தில்தான்.

முதல் முறையாகக் குதிரை வைத்திருப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். சுருக்கமாகக் கேட்டால் பதில் ஒரே வரி: முதல் நாள் கால் மணி நேரம், பிறகு தினமும் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போய், சுமார் மூன்று வாரத்தில் முழு மேய்ச்சல். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி நான் ஒரு வருடம் சரியாக மாட்டிக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்த்தவன் வெப்பமானியைப் பார்க்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், எதற்காக இத்தனை பயம் என்று தெரிந்துகொள்வோம்.

வயிற்றுக்குள் நடப்பது

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நாரைச் செரிக்கிற வேலை எல்லாம் பின்னால், பெருங்குடலிலும் அதன் தொடக்கத்தில் இருக்கும் பெரிய பையிலும் நடக்கிறது. செய்வது குதிரை அல்ல, அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள். மாடு தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. உள்ளே போனது போனதுதான்.

உலர்புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒரு விதம், இளம்புல்லைச் செரிக்கும் கூட்டம் வேறு விதம். ஒன்று குறைந்து இன்னொன்று பெருக இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்று வாரக் கணக்கு வருவது இங்கிருந்துதான். குதிரை முதல் நாளே தயார். அதன் குடல் தயாராகத்தான் நாம் காத்திருக்கிறோம்.

இளம்புல்லில் நூற்றுக்கு 80 முதல் 85 பங்கு தண்ணீர். மீதியில் நார் குறைவு, சர்க்கரை அதிகம். ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, திமோத்தி போன்ற குளிர்ப்பகுதிப் புற்கள் மிஞ்சிய சர்க்கரையை ஃபிரக்டான் என்ற வடிவில் சேர்த்துவைக்கும். இதை உடைக்கும் நொதி குதிரையின் சிறுகுடலில் இல்லை. அதனால் பெரும்பகுதி அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். பழகாத குடலில் அது மளமளவென்று புளித்து லாக்டிக் அமிலமாகும். அமிலம் ஏற ஏற, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். அவை மடியும்போது வெளிப்படும் நச்சு, புண்ணான குடல் சுவர் வழியே ரத்தத்தில் கலக்கும். லேசாகப் போனால் உப்புசமும் கழிச்சலும். கொஞ்சம் மிஞ்சினால் கோலிக் என்கிற கடும் வயிற்றுவலி. அதற்கும் மேலே போனால் லாமினைட்டிஸ், அதாவது குளம்பு அழற்சி. (வெப்பப்பகுதிப் புல்லான அருகம்புல் ஃபிரக்டான் சேர்ப்பதில்லை, மாவுச்சத்தாகத்தான் சேர்க்கும். அதிலும் சர்க்கரை உண்டு என்பதால் அருகம்புல் மேய்ச்சல் என்றாலும் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும்.)

லாமினைட்டிஸ் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. குளம்புக்குள் இருக்கும் எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்து நிறுத்துவது, இரண்டு சீப்புகளைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருக்கும் மெல்லிய மடிப்புகள். அவை வலுவிழந்தால் மேலிருக்கும் பாரத்தில் எலும்பு கீழே இறங்கும், அல்லது சாயும். சில குதிரைகளைக் கருணைக்கொலை செய்ய வேண்டியும் வரும்.

இதே இடத்துக்கு இன்னொரு பாதையும் இருக்கிறது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலின் அளவைத் தொடர்ந்து உயர்த்தி வைத்தபோது, குடலில் எந்தக் கோளாறும் இல்லாமலே அவற்றுக்கு லாமினைட்டிஸ் வந்தது. அதன் பிறகு பார்வையே மாறிவிட்டது. மேய்ச்சலில் வரும் லாமினைட்டிஸில் பெரும்பங்கு இன்சுலின் கோளாறு உள்ள குதிரைகளுக்குத்தான் வருகிறது என்று இப்போது தெரியும். புல்லின் சர்க்கரை ரத்தத்தில் ஏறும், அதற்கு இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கும், அடி குளம்பில் விழும்.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெல்ல மெல்லப் பழக்கினால் முதல் பாதை அடைபடும். இரண்டாவது பாதை அடைபடாது. மூன்று வாரம் அல்ல, மூன்று மாதம் பழக்கினாலும் இன்சுலின் கோளாறு உள்ள குதிரைக்குப் புல் சர்க்கரை சர்க்கரைதான். ஆகவே வாயிற்கதவைத் திறக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

உங்கள் குதிரை எந்தப் பக்கம்?

பிடரி மயிருக்குக் கீழே, கழுத்தின் மேல்விளிம்பைக் கையால் பிடித்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் எளிதாக இருபுறமும் வளைந்து கொடுத்தால் நல்லது. திண்டுபோல் தடித்து, கெட்டியாகக் கைக்குள் நிறைந்து நின்றால் அது கொழுப்பு. இதை 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 3-ஐத் தொட்டாலே எச்சரிக்கை. அப்புறம் விலா. ஹென்னெக் என்பவர் 1983-இல் வகுத்த 1 முதல் 9 வரையிலான உடற்கட்டு அளவுகோலில் 5 என்பது நடு: விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது, கையை வைத்தால் உடனே தட்டுப்படும். அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் குதிரை கொழுத்திருக்கிறது. வாலின் அடியிலும் தோளுக்குப் பின்னாலும் மெத்தென்று மேடு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். குளிர்கால முடி அடர்ந்திருக்கும்போது கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது.

எடையையும் இப்போதே குறித்துவையுங்கள். எடைமேடை வேண்டாம், ஒரு அளவுநாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள். தோள்முனையிலிருந்து பின்தொடையின் முனைவரை நீளத்தை எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. பத்து இருபது கிலோ முன்பின் இருக்கலாம். அதனால் பாதகமில்லை. ஒரே ஆள், ஒரே நாடாவால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது அதுதான்.

கீழே சொல்லும் குதிரைகளுக்கு நான் அடுத்து எழுதும் நாள்கணக்கு பொருந்தாது: முன்பு ஒரு முறையாவது லாமினைட்டிஸ் வந்தவை, கழுத்துத் திண்டு விழுந்தவை, கொஞ்சம் தின்றாலும் ஊதிவிடும் மட்டக்குதிரைகள், கழுதைகள், 15 வயதைத் தாண்டி, மற்றவை எல்லாம் குளிர்கால முடியை உதிர்த்த பிறகும் சடைசடையாக நிற்கும் கிழக்குதிரைகள். கடைசியில் சொன்னது குஷிங் நோய் என்ற ஹார்மோன் கோளாறின் முகம். இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் புல்லுக்கு முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு ரத்தத்தில் இன்சுலின் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை புல் இல்லாத காலி அடைப்பும் உலர்புல்லும்தான். குதிரை வேலிக்கு அந்தப் பக்கம் ஏக்கமாகப் பார்க்கும். பார்க்கட்டும்.

நிலம் தயாரா?

குதிரைக்கு மட்டும் அல்ல, புல்லுக்கும் பொறுமை வேண்டும். 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை உள்ளே விடாதீர்கள். 8 முதல் 10 சென்டிமீட்டருக்கு இறங்கியதும் வெளியே எடுத்துவிடுங்கள். குட்டைப் புல்லில் தின்ன ஒன்றும் இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருக்கிறேன். உண்மையில் சர்க்கரை அதிகம் தங்குவது தண்டின் அடியில். ஒட்ட மேய்ந்த நிலத்தில் குதிரை கடிப்பது அந்த அடித்தண்டைத்தான். வாயில் வருவது குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு வாயும் தித்திப்பு. கூடவே மண்ணும் மணலும் வயிற்றுக்குள் போகும்.

தரை இறுகியிருக்க வேண்டும். நடந்தால் உங்கள் செருப்புத் தடம் ஆழமாகப் பதிகிறது என்றால் அரை டன் குதிரையின் குளம்பு என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பொறுத்தால் ஒரு பருவத்து மேய்ச்சல் மிஞ்சும்.

அடுத்து, வேலி ஓரமாக ஒரு முழுச் சுற்று நடங்கள். குளிர்காலத்தில் தளர்ந்த கம்பி, விழுந்த கிளை, எலி முயல் தோண்டிய பள்ளம் எல்லாம் கண்ணில் படும். இந்தச் சுற்றில் நான் குனிந்து பார்ப்பது இரண்டு செடிகளை. ஒன்று ராக்வர்ட். வசந்தத்தில் மஞ்சள் பூ இருக்காது, தரையோடு ஒட்டிய சுருட்டை இலைக்கொத்தாக இருக்கும். ஈரலைக் கெடுக்கும் செடி, காய்ந்தாலும் நஞ்சு போகாது. கையுறை போட்டு வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். இன்னொன்று சைக்கமோர் மேப்பிள் மரத்தின் நாற்று. வட அமெரிக்காவில் என்றால் பாக்ஸ் எல்டர். இலையுதிர் காலத்தில் சிறகு வைத்த விதைகள் காற்றில் பறந்துவந்து விழும், வசந்தத்தில் புல்லுக்கு நடுவே முளைவிடும். அதில் இருக்கும் ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு தசைகளைச் சிதைக்கும். குதிரை விறைத்து நடுங்கும், சிறுநீர் கரும்பழுப்பாகப் போகும், பிடிபட்டவற்றில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. மரம் உங்கள் நிலத்தில் இல்லாவிட்டாலும் நாற்று இருக்கலாம். நிறைய முளைத்திருந்தால் அந்தப் பகுதியை மின்வேலி போட்டு மறித்துவிடுங்கள்.

எந்த நேரத்துப் புல்?

ஒரே நிலம், ஒரே புல், ஒரே நாள். ஆனாலும் காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அது வேறு வேறு தீனி. பகல் வெயிலில் புல் சர்க்கரை செய்யும், ராத்திரி அதைச் செலவு செய்து வளரும். ஆகவே சர்க்கரை மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில், மிக அதிகமாக இருப்பது பிற்பகலிலிருந்து பொழுது சாயும்வரை. பழக்கும் நாட்களில் அதிகாலையில் விட்டு, பத்து மணிக்குள் திரும்பக் கட்டிவிடுவது நல்லது.

ஆனால் ராத்திரி குளிர்ந்துவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழ். வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் புல் வளர்வதை நிறுத்திவிடும். முந்தின நாள் வெயிலில் செய்த சர்க்கரை செலவாகாமல் அப்படியே நிற்கும். விடிந்ததும் பளிச்சென்று வெயில் அடித்தால் அதன் மேல் இன்னும் ஏறும். ராத்திரி உறைபனி, பகலில் நீல வானம் என்றால் நமக்கு வெளியே போக ஆசையாக இருக்கும். குதிரைக்கு அதைவிட மோசமான மேய்ச்சல் நாள் வசந்தத்தில் இல்லை.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பதினோராம் நாள். கணக்குப்படி இரண்டே முக்கால் மணி நேரம். காலையில் வேறு வேலை இருந்ததால் மத்தியானம் இரண்டு மணிக்கு மட்டக்குதிரையை அவிழ்த்துவிட்டேன். முந்தின ராத்திரி வாளித் தண்ணீர் மேலே கண்ணாடிபோல் உறைந்திருந்ததைக் காலையில் என் கையால்தான் உடைத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் அது லாயத்தைவிட்டு வெளியே வந்தபோது சரளைக்கல் மீது கால் வைக்கத் தயங்கியது. ஒவ்வொரு அடியும் முட்டை மேல் வைப்பதுபோல் இருந்தது. சீக்கிரம் கண்டுகொண்டதால் தப்பியது. ஆனால் அந்தக் கோடை முழுக்க அதற்குப் புல் இல்லை. நாள்கணக்கை எழுதியிருந்த தாளில் வெப்பநிலைக்கு ஒரு பத்தியைச் சேர்த்தது அன்றுதான்.

நாள்கணக்கு

புல் ஓரளவு வளர்ந்ததும் தொடங்குங்கள். அவிழ்த்துவிடும் முன் உலர்புல்லை வயிறாரக் கொடுங்கள். வெறும் வயிற்றோடு போகும் குதிரை மேயாது, விழுங்கும். இந்த ஒரு பழக்கத்தை விட்டால் மற்றது எல்லாம் பாதி வீண்.

முதல் நாள் 15 நிமிடம். முதல் இரண்டு மூன்று நாள் கயிற்றைக் கையில் பிடித்தபடியே மேயவிடுங்கள். நேரம் முடிந்ததும் பிடித்துவருவது எளிது. மாதக்கணக்கில் அடைந்துகிடந்த குதிரை ஈரப்புல்லில் தலைதெறிக்க ஓடிக் காலைச் சுளுக்கிக்கொள்ளாமலும் இருக்கும். தினமும் 15 நிமிடம் கூட்டுங்கள். நான்காம் நாள் ஒரு மணி நேரம், எட்டாம் நாள் இரண்டு, பதினாறாம் நாள் நான்கு, இருபதாம் நாள் ஐந்து. ஐந்து மணி நேரத்தைத் தொட்டு, லத்தியும் நடையும் சரியாக இருந்தால், அதற்குமேல் நேரத்தை எண்ண வேண்டியதில்லை. இளங்காலையில் மட்டும் என்ற கட்டுப்பாட்டையும் அப்போது தளர்த்தலாம். உறைபனி நாள் மட்டும் என்றைக்கும் விதிவிலக்கு: அன்று கூட்டாதீர்கள். முடிந்தால் விடவே விடாதீர்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

வாரம் முழுக்க வேலைக்குப் போய், சனிக்கிழமை மட்டும் நேரம் கிடைக்கிறவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஐந்து நாள் விடாததைச் சேர்த்து சனிக்கிழமை மூன்று மணி நேரம் விடுவார்கள். குடல் அப்படிக் கூட்டிக் கழித்துப் பார்க்காது. தினமும் அரை மணி நேரம் விட யாராவது ஒருவரை ஏற்பாடு செய்ய முடியவில்லை என்றால், விடுமுறை எடுக்க முடிகிற வாரத்தில் தொடங்குங்கள்.

அப்புறம், நேரத்தைக் குறைத்தால் தீனி அதே விகிதத்தில் குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீனி வேண்டும். 500 கிலோ குதிரைக்கு ஏழரை முதல் பத்து கிலோ. தினமும் மூன்று மணி நேரம் மட்டுமே விடப்பட்ட மட்டக்குதிரைகளைச் சில வாரம் கவனித்தபோது, அந்த மூன்று மணி நேரத்துக்குள்ளேயே அன்றைய தீனியில் ஏறத்தாழ 40 சதவீதத்தை அவை முடித்துவிட்டன. நேரம் குறைவு என்று தெரிந்தால் வேகமாகத் தின்னக் கற்றுக்கொள்ளும். நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

அதனால்தான் கொழுத்த குதிரைகளுக்கு வாய்க்கூடை. அடியில் சிறிய துளை உள்ள கூடையை வாயில் மாட்டிவிட்டால் புல்நுனி மட்டும் உள்ளே வரும். கூடையையும் புல்லையும் பொறுத்து, தின்னும் அளவு 30 முதல் 80 சதவீதம்வரை குறையும். உதட்டுக்கும் கூடையின் அடிக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடைவெளி இருக்கட்டும். எங்காவது மாட்டிக்கொண்டால் தானே அறுந்துகொள்ளும் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். கூடையோடு தண்ணீர் குடிக்கத் தெரிகிறதா என்று முதல் நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். இரவும் பகலும் மாட்டியே வைக்காதீர்கள். மூக்கில் தோல் உரிந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

தினமும் பார்க்க வேண்டியவை

முதலில் லத்தி. நன்றாக இருக்கும் குதிரையின் லத்தி உருண்டை உருண்டையாக, தரையில் விழுந்ததும் உடைகிற பதத்தில் இருக்கும். புல்லுக்கு மாறும்போது பச்சை ஏறி, கொஞ்சம் இளகும். அது சகஜம். மாட்டுச்சாணம்போல் தட்டையாகக் கொட்டினால் நேரத்தைக் கூட்டாமல் இரண்டு மூன்று நாள் அதே அளவில் நிறுத்துங்கள். தண்ணீராகப் போனால் புல்லை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு பகல் முழுக்க லத்தியே போடவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

அடுத்து நாடி. இதை யாராவது உங்களுக்குக் கையைப் பிடித்துக் காட்டினால் நல்லது. காட்ட ஆள் இல்லாவிட்டாலும் பழகிக்கொள்ளலாம். குளம்புக்கு மேலே உருண்டு நிற்கும் மூட்டு இருக்கிறதல்லவா, அதன் பின்பக்கத்தில் இடமும் வலமும் விரலால் தடவுங்கள். ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த ஒரு கட்டு, தோலுக்கு அடியில் மெல்லிய கயிறுபோல் விரலுக்குக் கீழே உருளும். அதன் மேல் விரலை வைத்து லேசாக அழுத்துங்கள். அதிகம் அழுத்தினால் நாடி நின்றுவிடும். அப்படியே அரை நிமிடம் பொறுங்கள். ஆரோக்கியமான குதிரைக்கு அங்கே துடிப்பு மிக மெல்லியது, பல தடவை கிடைக்கவே கிடைக்காது. கிடைக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள், அது நல்ல செய்தி. தேடாமலே விரலில் டொக் டொக் என்று இடித்தால்தான் கவலை. புல்லுக்கு விடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் நான்கு காலிலும் தொட்டுப் பழகுங்கள். உங்கள் குதிரையின் சாதாரண நாடி எப்படி என்று விரலுக்குத் தெரிந்திருந்தால்தான் மாறும்போது தெரியும். குளம்பின் சூட்டை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் நின்றாலும் குளம்பு சூடாகும்.

மூன்றாவது நடை. வாயிலிலிருந்து வரும்போது சட்டென்று திரும்பவைத்துப் பாருங்கள். வலி இருக்கும் குதிரை திரும்பத் தயங்கும், கட்டாந்தரையில் குட்டைக் குட்டையாக அடி வைக்கும், புல்லில் நடக்கும்போது மறைத்துவிடும். நிற்கும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். முற்றினால் முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்காலில் சாய்த்து நிற்கும். ஒரு தடவை பார்த்தால் அந்த நிலை மறக்காது.

சந்தேகம் வந்தால்

புல்லை உடனே நிறுத்துங்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாளைவரை பார்ப்போம் என்பதற்கு இதில் இடமே இல்லை. அவர் வரும்வரை குதிரையை நடக்கவைக்காதீர்கள். ரத்த ஓட்டம் வரட்டும் என்று நடத்துவது பழைய பழக்கம். தளர்ந்த மடிப்புகளை அது மேலும் கிழிக்கும். லாயத்தில் மரத்தூளோ வைக்கோலோ குளம்பு புதையும் அளவுக்குக் கனமாகப் பரப்புங்கள். பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்து, குளம்பு முழுவதும் மூழ்கி அதற்கு மேலும் ஏறும்படி குளிரவையுங்கள். முதல் இரண்டு நாளுக்குள் தொடர்ந்து குளிரவைத்தால் அழற்சி மட்டுப்பட நல்ல வாய்ப்பு உண்டு. வலி மாத்திரை கையில் இருந்தாலும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தரையைக் கால்களால் பறிப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்து உருள்வது, தீனியைத் தொடாமல் இருப்பது இவை வயிற்றுவலி. இதற்கும் அதே பதில்தான், தொலைபேசி. சும்மா நிற்கும் குதிரைக்கு இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. எண்ணி வைத்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல உதவும்.

மற்ற சில்லறை விஷயங்கள்

புல் கூடும்போது தானியத் தீனியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வேலை குறைவான குதிரைக்குப் பெரும்பாலும் தானியமே தேவைப்படாது. இளம்புல்லில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நக்குவதற்கு உப்புக்கட்டி ஒன்றை எப்போதும் தொங்கவிடுங்கள். குளிர்காலக் கடைசியில் குடல்சுவரில் பதுங்கியிருந்த புழுக்கள் வெளிவரும் காலமும் இதுதான். மேய்ச்சலுக்கு முன் லத்தியில் முட்டை எண்ணச் சொல்லி, மருத்துவர் சொன்னால் மட்டும் மருந்து கொடுங்கள். பதுங்கிய புழு அந்தப் பரிசோதனையில் தெரியாது என்பதால் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் வெட்டிய புல்லை மட்டும் எந்தக் குதிரைக்கும் அள்ளிப் போடாதீர்கள். நறுக்கிய புல் குவியலிலேயே புளித்துச் சூடாகும். குதிரை அதை மெல்லாமல் விழுங்கும், வயிற்றுவலிக்கு அது நேர்வழி.

இடையில் தடைபட்டால்?

தொடர்மழை, நிலம் சேறு, அல்லது குதிரைக்குக் காயம். ஏதாவது ஒன்றால் நடுவில் நின்றுபோவது எல்லோருக்கும் நடக்கும். ஒன்றிரண்டு நாள் என்றால் விட்ட நேரத்திலிருந்தே தொடரலாம். நான்கைந்து நாள் போய்விட்டால் பாதி நேரத்துக்கு இறங்கி அங்கிருந்து கூட்டுங்கள். இரண்டு வாரம் உலர்புல்லில் இருந்துவிட்டதென்றால் குடலும் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். மறுபடி 15 நிமிடம், மறுபடி கயிறு கையில்.